வாட்டர்மேன் வீட்டு நெருப்புச்செடி

எங்கள் தெருவில் அந்தக் கோடையில் செத்துப்போனது ஒரே ஒரு செடிதான். மற்ற வீட்டுச் செடிகளெல்லாம் வாடி, கருகி, வெறும் குச்சியாக நின்று, அடுத்த மழையில் எப்படியோ தலையெடுத்துவிட்டன. தண்ணீருக்குக் குறைவே இல்லாத வாட்டர்மேன் வீட்டுச் செடி மட்டும் போயே போய்விட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு. சின்னப் பங்குதான் என்று எனக்கு நானே சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

வாட்டர்மேன் என் பக்கத்து வீட்டுக்காரர். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியைச் சைக்கிளில் சாத்திக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். தெருமுனைக் குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்று கணக்குத் தப்பாமல் திருப்புவார். எங்காவது குழாய் கசிந்தால் ஒரு கம்பியை மண்ணில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். லாரி போனால் கையை உயர்த்தி நிறுத்துவார், லாரியும் நிற்கும். கொஞ்ச நேரத்தில் ‘இங்க தோண்டு’ என்பார். தோண்டினால் கசிவு அங்கேதான் இருக்கும்.

அவர் மனைவி இஸ்திரி அக்கா. வாசலில் தகரக் கூரை போட்டு, மேஜைமேல் கம்பளியை மடித்து விரித்து, கரிப்பெட்டியால் தேய்ப்பாள். மின்சாரப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னபோது, ‘அதுல கனம் இல்லடா, கை சும்மா அலையும்’ என்று சொல்லிவிட்டாள். நான் தையல்காரி. நான் தைத்து முடிக்கிற துணியெல்லாம் மதில்மேல் வழியாக அவளிடம் போய், மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். அவளை அக்கா என்றும் அவரை அண்ணன் என்றும்தான் கூப்பிட்டேன். இது என்ன முறை என்று இருபது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

தண்ணீர்க்காரருக்கும் நெருப்புக்காரிக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று தெருவில் கேலி பேசுவார்கள். ஒத்துத்தான் போனது. அவர் பேசுவார், அவள் வேலை செய்வாள். அவள் பேசினால் அவர் தலையாட்டுவார். அதற்குப் பெயர் ஒத்துப்போவதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செடி வந்த கதை இப்படி. மலைக்காட்டில் காவலராக இருந்த ஒருவர் தன் காக்கிச் சட்டைகளை அக்காவிடம் தேய்க்கக் கொடுப்பார். ஒருநாள் சட்டைப்பையில் மிளகு மாதிரி கறுப்பாக ஒரு பிடி விதை இருந்தது. அக்கா பத்திரமாகப் பொட்டலம் கட்டித் திருப்பிக் கொடுத்தாள். அவர் சிரித்துவிட்டு, “நீயே வச்சுக்கம்மா. ஆனா இது சும்மா போட்டா முளைக்காது. காட்டுல தீ பிடிச்சு எரிஞ்ச எடத்துலதான் முளைக்கும். உன்கிட்டதான் கரி இருக்கே, போட்டுப் பாரு” என்றாராம்.

அக்கா போட்டுப் பார்த்தாள். ஒரு பழைய தட்டில் மண் பரப்பி, விதை தூவி, மேலே காய்ந்த சருகு குவித்து, பெட்டியிலிருந்து நாலு கங்கு எடுத்துப் போட்டாள். புகை என் வீட்டுக்குள் வந்து, நான் இருமிக்கொண்டே திட்டியது ஞாபகம் இருக்கிறது. அந்த வருடம் ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடியும் தீ மூட்டினாள். மழைக்குப் பிறகு ஒரே ஒரு முளை வந்தது. அதைப் பின்பக்கம் கரிமூட்டை அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டாள். ஏழு வருடத்தில் என் தோள் உயரத்துக்கு வளர்ந்தது. எப்போது பார்த்தாலும் இலை இருக்கும். சின்னச் சின்ன இலை, தோல் மாதிரி தடிப்பாக, மேலே மங்கின பச்சை, அடியில் வெளுப்பு. பட்டை சிவப்பாக உரியும். அடித்தண்டு மண்ணோடு சேருமிடத்தில் ஒரு கட்டை உருண்டு புடைத்திருந்தது. காட்டில் தீ வந்து மேலே எல்லாம் போனாலும் அந்தக் கட்டையிலிருந்து திரும்பத் துளிர்த்துவிடும் என்று காவலர் சொல்லியிருந்தார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி ரொம்ப நாளாகிவிட்டது. நாங்கள் அதை நெருப்புச்செடி என்றோம்.

அவர் சொல்லிவிட்டுப் போன இன்னொரு விஷயத்தை அக்கா வேதம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். வெயில்காலத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. வெயிலில் அது தூங்கும், தூங்குவதை எழுப்பக்கூடாது. சூடான மண்ணில் ஈரம் நின்றால் வேர் அழுகிவிடும்.

இதை அவள் எத்தனை முறை சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அவர் குளித்துவிட்டு மிச்சம் இருக்கிற வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், வாசலில் தேய்த்துக்கொண்டே குரல் கொடுப்பாள்: “அதுக்கு வேண்டாம்னு எத்தன தடவ சொல்றது? முருங்கைக்கு ஊத்துங்க!” அவர் தலையாட்டிவிட்டு முருங்கைக்கு ஊற்றுவார்.

மகனுக்குக் குழந்தை பிறந்தது அந்தக் கோடையின் தொடக்கத்தில். மருமகளுக்கு அம்மா இல்லை. அக்கா கிளம்ப வேண்டியதாயிற்று. கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் மதிலோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

“இங்க வாயேன், ஒண்ணு காட்டுறேன்.”

செடியின் நுனியில் அரிசி அரிசியாக ஏதோ இருந்தது.

“மொட்டா?” என்றேன்.

“மொட்டுதான். ஏழு வருஷத்துல இப்பதான் வச்சிருக்கு. இப்ப விரியாது. மழை வந்து, குளிர் வந்து, அப்பறம்தான் விரியுமாம்.”

“அதுக்குள்ள நீ வந்துருவ.”

அவள் விரலால் ஓர் இலையின் தூசியைத் துடைத்தாள். “மகன் அங்கயே இருந்துடச் சொல்றான். ரெண்டு ரூம் வீடு. குழந்தையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம், எதுக்கு இந்தக் கரிப்பொகையில நிக்கறேன்னு கேக்குறான்.”

“அண்ணன்?”

“அவருக்கு என்ன? ஊரே இருக்கு அவருக்கு.” சிரித்தாள். “மண்ணுக்கடியில கசியறது கேக்குது அந்த மனுஷனுக்கு. நான் அடுப்படியில இருந்து கத்துறது கேக்காது. போன மாசம் மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன், உனக்குத் தெரியும்ல? நீதான் கஞ்சி கொண்டுவந்த. மூணாம் நாள் வந்து, ‘ஏன் இன்னிக்குத் தேய்க்கலையா?’ன்னாரு. கோபம்கூட வரலடி. அலுப்பாத்தான் இருந்துச்சு.”

நான் கழுத்தில் கிடந்த அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“வந்துருவேன்னுதான் நெனைக்கிறேன்” என்றாள் அவளாகவே. “இது பூக்கிறதையாவது பாக்கணும்ல. நீ ஒண்ணு செய்யி. இவருகிட்ட சொல்லியாச்சு, தண்ணி ஊத்தாதீங்கன்னு. தலைய ஆட்டுனாரு. அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நீ ஒருவாட்டி சொல்லிடு. வெளி ஆளு சொன்னா கேப்பாரு.”

“இதுக்கா இவ்ளோ யோசிக்கற? நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

அக்கா போன இரண்டாவது வாரமே ஊரில் தண்ணீர் சுருங்க ஆரம்பித்தது. தினமும் வந்தது ஒன்றுவிட்டு ஒருநாள் ஆனது, பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. ஒரு மணி நேரம் முக்கால் மணி ஆனது. வெயில் காலை எட்டு மணிக்கே முதுகில் அறைந்தது. தையல் மெஷினின் இரும்பைத் தொட்டால் சுட்டது. குடம், வாளி, சட்டி என்று வீட்டில் குழிந்திருக்கிற எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தோம். எங்கள் தெருவுக்கு மட்டும் பத்து நிமிடம் கூடுதலாக வரும். வாட்டர்மேன் இருக்கிற தெரு அல்லவா? அதைப்பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டோம். வெயில்காலத்தில் அவரை எங்கள் தெருவில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாத குறைதான். அவர் தும்மினால்கூட நாலு வீட்டிலிருந்து ‘என்ன அண்ணே, உடம்புக்கு?’ என்று குரல் வரும்.

அந்த மாதிரி ஒரு நாளில்தான் பார்த்தேன். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. மதிலுக்கு அந்தப்புறம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தால், பெரிய வாளி நிறைய நெருப்புச்செடிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். மண் கொதித்துக்கொண்டிருந்ததால் ஆவி வாசம் வந்தது.

“அண்ணே...” என்றேன்.

நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்வை. “என்னம்மா? ஓ, உன் தொட்டி இன்னிக்கு ரொம்பலையா? நானும் பாத்தேன். நாளான்னிக்கு நம்ம பக்கம் இன்னும் அஞ்சு நிமிஷம் சேத்துத் திருப்பிவிடுறேன். யார்கிட்டயும் சொல்லாத.”

என் வாய் மூடிக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. தண்ணீர் கொடுக்கிறேன் என்கிற மனிதரிடம், நீங்கள் தண்ணீர் ஊற்றுவது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். “சரிங்கண்ணே” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நாளான்னிக்கு அந்த ஐந்து நிமிடமும் வந்தது, தொட்டி நிறைந்தது. அதற்கப்புறம் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அவருடைய நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி கழிந்தன. விடியலில் போய், பத்து மணிக்கு வந்து, தானே சோறு வடித்து, ஒரே குழம்பை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டார். அக்காவின் தேய்ப்பு மேஜைமேல் அவருடைய துணிகள் மலைபோலக் குவிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை மகன் போனிலிருந்து அக்கா கூப்பிடுவாள். அவர் போனை உரக்க வைத்துத்தான் பேசுவார், அதனால் எனக்கும் கேட்கும்.

“சாப்டீங்களா?”

“ஆச்சு. குழந்தை?”

“நல்லாருக்கான். செடி எப்படி இருக்கு?”

“அருமையா இருக்கு. நீ வந்து பாரு.”

ஒருநாள் போனை வைத்த பிறகு மதிலோரம் வந்து நின்றார். “மகன் அங்கயே இருக்கச் சொல்றானாமே. உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

“இல்லையேண்ணே” என்று மறைத்துவிட்டேன்.

“என்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. செடியப் பத்தித்தான் கேக்குறா. வாரா வாரம் அதையேதான் கேக்குறா.” முருங்கையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினார். “அது நல்லா இருந்தா வந்துருவான்னு தோணுது. வீடு காலியா இருந்தா என்னவோபோல இருக்கும்மா. துணி தேய்க்கிற சத்தம் இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது, மத்தியானத்துல.”

இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் ஊற்றியது எல்லாம் கெடுதல் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இப்படி ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

பிறகு இலைகள் தொங்க ஆரம்பித்தன. வேர் அழுகினால் செடி தண்ணீர் கிடைக்காத செடி மாதிரியேதான் வாடும். அதைப் பார்த்தால் யாருக்கும் தாகம் என்றுதான் தோன்றும், தண்ணீர்க்காரருக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு வேளை ஊற்றியதை இரண்டு வேளை ஆக்கினார். அடியில் பாத்தி கட்டித் தேக்கினார். தெருவுக்கு விஷயம் பரவியது. வாட்டர்மேன் மனைவி ஆசையாக வளர்த்த செடி வாடுகிறது என்றதும் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். பால்காரம்மா தினமும் அரிசி களைந்த தண்ணீரைக் குண்டானோடு கொண்டுவந்து ஊற்றினாள். எதிர்வீட்டுக்காரர், பல் தேய்க்கக்கூட அளந்து தண்ணீர் எடுக்கிறவர், ஒரு குடம் கொண்டுவந்தார். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோடையில் ஒருவருக்கு ஒரு குடம் தருவதென்றால் அதைவிடப் பெரிய அன்பு கிடையாது. அதில் கொஞ்சம் காரியமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

“நீ ஒண்ணும் ஊத்தலையா?” என்று பால்காரம்மா என்னை எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

நான் உள்ளே போய் ஒரு செம்பு கொண்டுவந்து ஊற்றினேன். தெரிந்தே ஊற்றியவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

அக்கா வந்தது கோடை முடிகிற சமயம், ஒரு காலைநேரம். மகனும் கூட வந்திருந்தான். ஆட்டோவிலிருந்து நான்தான் பெட்டியை இறக்கினேன். இரண்டு மாதத்துக்கு என்று கொண்டுபோன பெட்டி, போனதைவிடக் கனமாகத் திரும்பி வந்திருந்தது. மகன் முகம் சரியில்லை.

“அம்மா கேக்கமாட்டேன்னுட்டாங்கத்த” என்றான் என்னிடம். “குழந்தை தவழ ஆரம்பிச்சதும் மறுபடி வரேன், இப்ப என் வீட்டுல கொண்டு விடுன்னாங்க.”

அக்கா செருப்போடு நேரே பின்பக்கம் போனாள். அவர் பின்னாலேயே போனார். நான் பெட்டியை வைத்துவிட்டுப் போனபோது அவள் செடி முன்னால் குந்தியிருந்தாள். இலைகள் எல்லாம் பழுப்பாகி ஒட்டிக்கொண்டிருந்தன. அரிசி மொட்டுகள் கறுத்து, தொட்டதும் உதிர்ந்தன. அவள் அடிமண்ணை விரலால் விலக்கினாள். அந்த உருண்டைக் கட்டையைப் பெருவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“நெருப்புல எரிஞ்சாக்கூடத் திரும்ப வரும்னாரு அந்த மனுஷன்” என்றாள். “எவ்ளோ ஊத்துனீங்க?”

“ரெண்டு வேளையும் ஊத்துனேன்” என்றார் அவர். பெருமையாக ஆரம்பித்த குரல் பாதியில் இறங்கிவிட்டது. “வாடுச்சு. அதான். தெருவே ஊத்துச்சு. நான் ஒருநாள்கூட விடல.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?”

கோபமாகக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன், உண்மையைச் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

“சொன்னேன்க்கா” என்றேன். “நீ போன அன்னிக்கே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.”

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கே தெரியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன். ‘எப்ப சொன்ன?’ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நான் தீர்ந்தேன்.

“ஆமா, சொல்லுச்சு” என்றார். “நான்தான் காதுல போட்டுக்கல.”

அக்கா எழுந்தாள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “நான் சொன்னாத்தான் ஏறாது, வேற யாராவது சொன்னா ஏறும்னு நெனச்சிருந்தேன். அது ஒண்ணுதான் மிச்சமா இருந்துச்சு” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உள்ளே போய்க் கைகழுவி, எல்லோருக்கும் டீ போட்டாள். மேஜையில் குவிந்திருந்த அவருடைய துணிகளைப் பார்த்தாள். கரி மூட்டி, இரண்டு நாள் நின்று, அத்தனை சட்டையையும் தேய்த்து அடுக்கி வைத்தாள். மூன்றாம் நாள் காலை அதே பெட்டியோடு மகன்கூட ஆட்டோவில் ஏறினாள்.

“நீங்களும் வாங்கப்பா” என்றான் மகன்.

“தண்ணி யாரு விடுவா?” என்றார் அவர். அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று சொன்ன உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோ அதற்குள் நகர்ந்துவிட்டது.

மழை வந்தது. தெருவில் எல்லா வீட்டுக் குச்சியும் துளிர்த்தது. ஒருநாள் அவர் மண்வெட்டியோடு அந்தச் செடியைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். இழுத்த இழுப்புக்கு வேர் எதுவும் எதிர்க்காமல் வந்துவிட்டது. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே, நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்.”

“தெரியும். நீ சொன்னியா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?”

“அப்பறம் ஏண்ணே ஆமான்னீங்க?”

அவர் மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அவ தண்ணி வேண்டாம் தண்ணி வேண்டாம்னு சொல்லும்போதெல்லாம் சிக்கனத்துக்குச் சொல்றான்னு நெனச்சேன்மா. ஊரு காயுறப்ப வாட்டர்மேன் பொண்டாட்டி செடிக்கு ஊத்துறான்னு பேச்சு வரும்னு பயந்து சொல்றான்னு. பாவம், எனக்காக ஆசைய அடக்கிக்கிறா, அவ இல்லாதப்ப வயிறு நெறைய ஊத்தி அசத்திரலாம்னு...” முழங்கையால் முகத்தைத் துடைத்தார். “ஏன் வேண்டாம்னு ஒருதடவ கேட்டதில்ல. அவ ஏழு வருஷம் சொன்னா. நீ ஒருநாள் சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பேனா? உனக்கும் ஒரு தலையாட்டு ஆட்டிட்டு ஊத்தியிருப்பேன். போ, போய் வேலையப் பாரு.”

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டிருக்க மாட்டார் என்பது அவர் சமாச்சாரம். நான் சொல்லவே இல்லை என்பது அக்காவுக்குத் தெரிய வேண்டும். சொல்லியும் கேட்காத மனுஷன் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் போனாள். அந்த ஒன்றையாவது எடுத்துவிட்டால் ஒருவேளை திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வருகிற வழியையாவது நான் திறந்துவிட வேண்டும்.

போன வாரம் மெஷினை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குப் போன் போட்டேன். பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. நல்லா இருக்கியா என்றாள். தவழ ஆரம்பிச்சுட்டானா என்று கேட்டேன். தவழ்கிறானாம், பிடித்துக்கொண்டு நிற்கவும் நிற்கிறானாம். அங்கே மழை எப்படி என்றேன். அவரு சாப்பிடுறாரா என்று கேட்டாள். சாப்பிடுகிறார் என்றேன். அப்புறம் மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன்.

“என்னடி, ஏதாவது சொல்லணுமா?” என்றாள்.

“ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் போட்டேன்” என்றேன்.